ஸ்டியரிங் ஆடுதா? அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு வைத்திருப்பவர்கள் அலட்சியம் செய்யக் கூடாத சின்னக் குண்டு!

நேரான சாலை. ஸ்டியரிங்கும் நேராகத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஆனால், கார் மட்டும் இடது பக்கமாக நழுவுகிறது. திருத்தினால் வலது பக்கம் போகிறது. வேகம் அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் வீல் கையில் நடுங்குகிறது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் எங்கிருந்தோ 'டொக்'கென்று ஒரு சத்தம்.

"பழைய வண்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும்" என்று இதைக் கடந்துபோகிறவர்கள் நிறைய பேர். தாத்தா வாங்கிய அம்பாசடர், அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினி, பெரியப்பா வீட்டு ஷெட்டில் தூங்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று சென்னையின் மேற்குப் புறநகர்களில் இன்னும் எத்தனையோ வீடுகளில் பழைய கார்கள் இருக்கின்றன. அவற்றுக்கு பெயின்ட் அடிக்க, குரோம் பம்பரைப் பளபளப்பாக்க, சீட் தைக்கக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிறார்கள். காரின் அடியில், கண்ணில் படாமல் இருக்கும் டை ராட் எண்டைக் குனிந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. மொத்தக் குடும்பமும் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போகும் காரை நேராகக் கொண்டு செலுத்துவது அந்தச் சின்னப் பாகம்தான்.

தோள்பட்டை மாதிரி ஒரு மூட்டு

பள்ளி அறிவியல் புத்தகத்தில் 'பந்துக் கிண்ண மூட்டு' படித்திருப்பீர்கள். நம் தோள்பட்டையிலும் இடுப்பிலும் இருப்பது. எலும்பின் உருண்டையான தலை ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் சுழலும். டை ராட் எண்டும் அதே சங்கதிதான். பெரிய கோலிக்குண்டு அளவில் ஓர் எஃகு உருண்டை, அது உட்கார ஒரு கிண்ணம், உள்ளே கிரீஸ், வெளியே தூசி புகாமல் மூட ஒரு ரப்பர் பூட். உருண்டையின் தண்டு, முன்சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மில் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். கிண்ணத்தின் மறுமுனை, ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராடில் மரை வைத்து முறுக்கப்பட்டிருக்கும்.

சக்கரம் பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும், வளைவில் திரும்பும். இத்தனையும் நடக்கும்போது ஸ்டியரிங்கின் கட்டளையைச் சக்கரத்துக்குச் சிதறாமல் கொண்டுபோக வேண்டியது இந்த மூட்டின் வேலை. அம்பாசடரிலும் ஹெரால்டிலும் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் என்பதால் ரேக்கின் இரு முனைகளில் பக்கத்துக்கு ஒன்று. ஃபியட் 1100, அதன் வாரிசான பத்மினி போன்றவற்றில் ஸ்டியரிங் பாக்ஸ், இட்லர் ஆர்ம், நடு ராடு, பக்க ராடு என்று குடும்பம் பெரிது. அதனால் மூட்டுகளும் அதிகம், தேய்மானம் ஒளிந்துகொள்ளும் இடங்களும் அதிகம்.

எமன் பெரும்பாலும் ரப்பர் பூட் வழியாகத்தான் வருகிறான். வெயிலில் காய்ந்து, ஆயில் பட்டு ஊறி, ஒரு நாள் அது வெடிக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் சாலைகளில் மழைத் தண்ணீர் நிற்பதும், லாரிகள் போன பிறகு சேறு தெறிப்பதும் அந்தப் பக்கம் போய் வருபவர்களுக்குத் தெரியும். வெடித்த பூட்டுக்குள் தண்ணீரும் மணலும் போனால் உள்ளே இருக்கும் கிரீஸ், உப்புத்தாள் மாதிரி உருண்டையைத் தேய்க்க ஆரம்பித்துவிடும். கிண்ணத்துக்கும் உருண்டைக்கும் நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் மெக்கானிக் ஷாப் மொழியில் 'ஆட்டம்'.

ஆட்டம் முற்றினால்? உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு முன்சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. நீங்கள் வலது பக்கம் ஒடிக்க, அது தன் இஷ்டத்துக்கு ஒரு திசையில் நிற்கும். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது கழன்றால் யோகம். பூந்தமல்லி பைபாஸில், பக்கத்தில் கன்டெய்னர் லாரி போய்க்கொண்டிருக்கும்போது கழன்றால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

சட்டமும் இதைப் பேசுகிறது

இது மெக்கானிக்குகள் காசு பிடுங்கச் சொல்லும் கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி ஸ்டியரிங்கைப் பற்றியது. ஸ்டியரிங் வீலில் வெற்று ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அது. அத்தோடு விடவில்லை. ஸ்டியரிங் இணைப்புகளில் உள்ள பால் ஜாயின்ட்கள் எல்லாம் ரப்பர் மூடியால் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும், போல்ட்டோ பின்னோ போட்டு இணைத்த இடங்களில் அவை கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது, கிழிந்த ரப்பர் பூட்டும், போடாமல் விட்ட காட்டர் பின்னும் விதி மீறல்தான். ஆர்.சி புதுப்பிக்கப் போகும் பழைய காருக்கு இது முக்கியம். 30 டிகிரி என்பது கடிகாரத்தில் ஒரு மணி நேர இடைவெளி. வாசலில் காரை நிறுத்தி, சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் எவ்வளவு தூரம் சும்மா சுற்றுகிறது என்று நீங்களே பார்த்துவிடலாம்.

அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகச் சிறிது சிறிதாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே குனிந்து ஒவ்வொரு டை ராட் எண்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல மூட்டு என்றால் ராடும் ஆர்மும் ஒரே உடலாக நகரும். தேய்ந்த மூட்டில் ராடு முதலில் நகர்ந்து, ஆர்ம் ஒரு நொடி தாமதித்துக் கிளம்பும். அந்தத் தாமதம் விரலுக்கு நன்றாகத் தெரியும்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டும் பார்க்கலாம். கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் முதல் சந்தேகம் டை ராட் எண்டின் மேல். 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டும்போது ஆடினால் வீல் பேரிங், கிங் பின் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். டயர்கூடக் காட்டிக்கொடுக்கும். முன் டயரின் ஓரம் மட்டும் ரம்பம் மாதிரி தேய்ந்திருந்தால் புது டயர் வாங்குவதற்கு முன் அடியில் பாருங்கள். இல்லாவிட்டால் புது டயரும் சில மாதங்களில் அதே கதிதான்.

கழற்றுவதில்தான் வித்தை

மாட்டுவது சுலபம். ஐம்பது வருடமாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் கழற்றுவதில்தான் மெக்கானிக்கின் தரம் தெரியும்.

கார் சமதரையில் நிற்க வேண்டும், பின்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும், முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிய பிறகு சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் கல்லை அடுக்குவது நம் ஊரில் சர்வ சாதாரணம். பாரம் தாங்காமல் அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

கழற்றுவதற்கு முந்தின நாளே மரைகளில் துரு இளக்கும் ஆயிலை விட்டு ஊறப்போடுவது நல்லது. பிறகு செய்யவேண்டிய முதல் காரியம், அளவெடுப்பது. பழைய எண்டு, ராடில் எத்தனை மரை தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். லாக் நட் இருந்த இடத்தில் பெயின்ட் அடையாளம் வைப்பவர்களும் உண்டு. கழற்றும்போது எத்தனை சுற்று சுற்றினோம் என்று எண்ணிக்கொண்டால், புதியதை அதே எண்ணிக்கையில் முறுக்கலாம். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் சக்கரத்தின் கோணம் மாறிவிடும். சில வண்டிகளில் ஒரு முனை இடது மரையாக இருக்கும். அது தெரியாமல் வழக்கமான பக்கமே பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் கழலாது, இறுகும். அல்லது நிஜமாகவே மரை கழண்ட கேஸ் ஆகிவிடும்.

அடுத்து காட்டர் பின். துருப்பிடித்து வளைந்திருக்கும் அதை உருவிவிட்டு நட்டைத் தளர்த்த வேண்டும். சில சமயம் நட்டோடு சேர்ந்து உருண்டைத் தண்டும் சுற்றும். கீழிருந்து ஜாக்கியால் லேசாக அழுத்தம் கொடுத்தால் தண்டு தன் குழியில் இறுகி, நட்டு மட்டும் வரும்.

தண்டு கூம்பு வடிவம். ஆர்மின் துளையும் கூம்பு. இரண்டும் கவ்விக்கொண்டிருப்பதால் இழுத்தால் வராது. இங்குதான் பலரும் தவறு செய்கிறார்கள். நட்டை முழுதாகக் கழற்றிவிட்டுத் தண்டின் தலையிலேயே சம்மட்டியால் போடுகிறார்கள். தண்டின் முனை காளான் மாதிரி விரிந்து, வரவேண்டியது நிரந்தரமாகச் சிக்கிக்கொள்கிறது. சரியான வழி, நட்டை சில மரைகளில் விட்டுவிட்டு புல்லர் போட்டு அழுத்தம் கொடுப்பது. புல்லர் இல்லாத பட்டறைகளில் பழைய கைகள் இரண்டு சுத்தியல் வைத்திருக்கும். ஆர்மின் கண் பகுதியில் ஒரு பக்கம் கனமான சுத்தியலைத் தாங்கக் கொடுத்து, எதிர்ப் பக்கம் இன்னொன்றால் ஓங்கி ஒரு தட்டு. அந்த அதிர்வில் துளை ஒரு நொடி முட்டை வடிவமாகி, கூம்பு 'டப்'பென்று விடுபடும். பார்க்க முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் அடி தண்டின் மேல் விழுவதே இல்லை.

சூடு காட்டிக் கழற்றுவதும் நடக்கிறது. ஸ்டியரிங் ஆர்ம் பதப்படுத்திய எஃகு. கேஸ் வெல்டிங் தீயைக் காட்டினால் அந்தப் பதம் கெடும். ஒரு மூட்டைக் காப்பாற்றப் போய் ஆர்மையே பலவீனமாக்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

புதியதை மாட்டும்போது கூம்பையும் துளையையும் சுத்தமாகத் துடைத்து, உலர்ந்த நிலையில் இணைக்க வேண்டும். பிடிப்பு வேண்டிய இடத்தில் கிரீஸ் தடவக் கூடாது. நட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகு, பின் போடும் துளையும் நட்டின் வெட்டும் நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்கக் கூடாது. காட்டர் பின் புதியதாக இருக்க வேண்டும். பழையதை நிமிர்த்தி மறுபடி போடுவது, கம்பித் துண்டைச் செருகுவது எல்லாம் இந்த வேலையில் மன்னிக்க முடியாத சிக்கனம். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறுபக்கமும் அதே சாலையில்தான் ஓடியிருக்கிறது என்பதால் ஜோடியாக மாற்றிவிடுவது வழக்கம்.

பாகம் எங்கே கிடைக்கும்?

இந்தக் கேள்விக்குச் சென்னையில் பதில் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு, உதிரிபாகங்களை இறக்குமதி செய்து காராகப் பூட்டி விற்பது மட்டும் போதாது, உள்நாட்டிலேயே தயாரிக்க வேண்டும் என்பது அரசின் கொள்கையானது. 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவில் கடையைக் கட்டியது இதனால்தான். தங்கிய கார் கம்பெனிகளுக்கு பிரேக், சக்கரம், டைனமோ, ஸ்டியரிங் என்று எல்லாவற்றையும் செய்துகொடுக்க ஆள் தேவைப்பட்டது. அந்தத் தேவையில் முளைத்ததுதான் மேற்குச் சென்னை. பாடியில் 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ், 1962-ல் பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாக வந்தன. 1960-களிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தது. பேருந்து நடத்துநர்கள் இன்றும் 'லூகாஸ்' என்று கூவும் நிறுத்தத்தின் பெயர் கார் பாகத் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். டை ராட் எண்டு போன்ற ஸ்டியரிங் இணைப்புகளை ராணே (மெட்ராஸ்) நிறுவனம் 1960-களில் சென்னையில் செய்ய ஆரம்பித்தது.

ஆவடிக்கும் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அங்கே தயாராகும் டாங்கிகளுக்கு டை ராட் தொல்லையே கிடையாது என்பது ஒரு வேடிக்கை. இரண்டு பக்கச் சங்கிலிகளின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே அவை திரும்பிவிடும்.

அம்பாசடருக்குப் பாகம் கிடைப்பது சிரமமில்லை. உத்தர்பாராவில் 2014 மே மாதம் வரை அந்தக் கார் தயாரானது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்டால் புதியது எடுத்துத் தருவார்கள். 2000-ம் ஆண்டு வாக்கில் நின்றுபோன பத்மினிக்கும் தேடினால் கிடைக்கும். புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய வண்டியிலிருந்து கழற்றிய எண்டை வாங்குவது மட்டும் வேண்டாம். கண்ணாடி, கைப்பிடி, விளக்கு வளையம் அங்கே வாங்கலாம், தப்பில்லை. இன்னொருவர் காரில் தேய்ந்த மூட்டை வாங்கி வந்து நம் காரில் மாட்டுவதற்கு, மாட்டாமலே இருக்கலாம்.

ஹெரால்டு கதை தனி. அது இந்த ஊர்க் குழந்தை. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூர் அருகே தன் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரித்த கார். இங்கிலாந்தில் 'டிரையம்ஃப் ஹெரால்டு', இங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உடல். திருப்புவதில் அதை மிஞ்ச ஆளில்லை. சுமார் 25 அடி வட்டத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும். குறுகலான தெருவில் ஒரே ஒடிப்பில் யூ டர்ன் போட்ட பெருமையைப் பழைய உரிமையாளர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் தன் 'செவன்' ஸ்போர்ட்ஸ் காருக்கு இதே ஹெரால்டின் ஸ்டியரிங் ரேக்கை எடுத்துப் போட்டுக்கொண்டது என்றால் பாருங்கள்.

1980-களின் இறுதியில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால், பாகம் அநாதையாகவில்லை. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற அதன் உடன்பிறப்புக் கார்களுக்கு இங்கிலாந்தில் இன்னும் ரசிகர்கள் இருப்பதால், அவற்றுக்கான டை ராட் எண்டுகள் அங்கே புதிதாகத் தயாராகின்றன. வரவழைக்கும் செலவும் சுங்கவரியும்தான் கையைக் கடிக்கும். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் டை ராடைப் பார்க்கக் குனியும்போது பக்கத்திலேயே இருக்கும் டிரனியனையும் பார்த்துவிட வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் அந்தப் பித்தளைப் பாகத்துக்கு கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் அடித்து, உள்ளே காய்ந்து, சக்கரமே மடங்கிய ஹெரால்டுகள் உலகமெங்கும் உண்டு.

பாகம் கிடைக்காதபோது வரும் இன்னொரு யோசனை, தேய்ந்த எண்டைப் பிளந்து, உள்ளே ஷிம் வைத்து, வெல்டிங் அடித்து மூடுவது. கைப்பழக்கம் உள்ளவர்கள் பார்வைக்குப் புதியது போலவே செய்து தருவார்கள். ஆட்டமும் அன்றைக்கு நின்றுவிடும். வெல்டிங் சூட்டில் எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்திருந்தால், அது எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பம்பருக்கு வெல்டிங் வைக்கலாம். இதற்குக் கூடாது. பாகம் வரும் வரை கார் ஷெட்டில் நிற்கட்டும்.

பெட்டியில் பிராண்டு பெயர் இருக்கிறது என்பதற்காகவும் ஏமாந்துவிட வேண்டாம். போலி பாகங்கள் சந்தையில் உண்டு. கையில் எடுத்து உருண்டைத் தண்டை ஆட்டிப் பாருங்கள். புதிய மூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தொளதொளவென்று ஆடினால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். கூம்பின் அளவு பழையதோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடப் பழைய எண்டைக் கையோடு கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

மாட்டியாச்சு, வேலை முடியவில்லை

எவ்வளவு கவனமாக மரை எண்ணி மாட்டினாலும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். பழைய கார்களின் அளவுகள் பல அலைன்மென்ட் சென்டர்களின் கம்ப்யூட்டரில் இருக்காது. அங்கிருக்கும் பையன் திரையைப் பார்த்துவிட்டு வேறு ஏதாவது காரின் அளவை வைக்கக் கை நீட்டுவான். உங்கள் காரின் மேனுவலில் உள்ள டோ-இன் அளவைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொண்டு போங்கள். அது அங்குலத்தில் இருக்கும், திரையில் டிகிரியோ மில்லிமீட்டரோ கேட்கும். மாற்றிச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. அலைன்மென்ட் முடிந்ததும் லாக் நட்டை இறுக்கினார்களா என்று குனிந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அதை மறந்துவிட்டு அனுப்புவது அபூர்வமில்லை.

இந்தச் செலவெல்லாம் தேவையா என்று வீட்டில் கேள்வி வரும். பழைய காரை வைத்திருப்பதே இப்போது செலவுதான். 15 ஆண்டு கடந்த கார்களின் ஆர்.சி புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆனது. 50 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி வழி திறந்தது. சேஸிஸ், உடல், இன்ஜின் மாற்றப்படாமல் அசல் வடிவில் இருந்தால் 'வின்டேஜ்' என்று பதிவு செய்து, 'வி.ஏ' எழுத்துகள் கொண்ட நம்பர் பிளேட் வாங்கலாம். பதிவுக்கு ரூ.20,000, பத்து ஆண்டுகள் செல்லும், மறுபதிவுக்கு ரூ.5,000. ஆனால், தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலைக்கு வரலாம். காலையும் மாலையும் மகளைப் பள்ளியில் விட்டு அழைத்து வர அந்தக் காரைத்தான் எடுக்கிறீர்கள் என்றால் வின்டேஜ் பதிவு உங்களுக்குச் சரிப்படாது. இந்த விதியில் சேஸிஸ், உடல், இன்ஜின்தான் பேசப்படுகின்றன. டை ராட் எண்டு தேயும் பாகம். அதை மாற்றுவதால் காரின் அசல் தன்மை கெட்டுவிடுமோ என்று தயங்குபவர்கள் தயங்க வேண்டியதில்லை.

மாற்றிய பிறகு முதல் ஓட்டத்தை ஆள் இல்லாத தெருவில், மெதுவான வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்து, ராடு எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். காட்டர் பின் இருக்கிறதா, லாக் நட் இறுக்கமாக இருக்கிறதா, ரப்பர் பூட் கிழியாமல் இருக்கிறதா. கிரீஸ் நிப்பிள் உள்ள வகை என்றால் சர்வீஸுக்கு ஒருமுறை கிரீஸ் கன்னால் இரண்டு அழுத்து அழுத்தினால் போதும். அதிகம் அழுத்தினால் புது பூட்டே வெடித்துவிடும்.